பனி வழித்த பாதை

அன்றைய கிராமச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். அடுப்பை ஒட்டிய பெஞ்சில் தலைவி மார்த்தா. அவளுக்கு எதிரே, சன்னலுக்கு முதுகு காட்டி, சூரியமின் நிறுவனத்தின் பொறியாளன் ரெய்யோ. அவன் பக்கத்தில் டிராக்டர்காரர் தௌனோ, ஈரக் கையுறைகளை முழங்காலில் போட்டபடி. இன்னும் ஒன்பது பேர் சுவரோரம், காபிக் கெட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில். மேசையின் கோடியில் நான், செயலாளர் ஹெல்வி. ரெய்யோவின் வாய் எனக்கு நேராகத் தெரியவேண்டும் என்று காலையிலேயே வந்து அந்த நாற்காலியைப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வருடமாக அந்த வாய்க்காகத்தான் காத்திருந்தேன்.

குளிர்காலத்தில் மண் எவ்வளவு ஆழம் உறைகிறது என்று பத்தொன்பது வருடம் அளந்து, சாலை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியவள் நான். மண்ணுக்குள் இறக்கிய குழாயில் நீலச் சாயத் தண்ணீர் இருக்கும். எந்த ஆழம் வரை உறைகிறதோ அதுவரை நீலம் வெளுத்துப்போகும். ரெய்யோ சதுப்பு ஓரத்தில் முதல் சூரியப் பலகைகளை நட வந்தபோது என்னிடம் அளவு கேட்டான். திங்களன்று அளந்தேன், செவ்வாயன்று எழுதினேன்: “பனிக்கு அடியில் தொண்ணூறு சென்டிமீட்டர். பனியை வழித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆகவே வழிக்க வேண்டாம்.” கார்பன் நகல் எடுத்து வைத்தேன். எந்தக் கடிதத்துக்கும் எடுப்பேன்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், உறைந்து உப்பிய நிலம் தூண்களைப் பிடுங்கி மேலே தள்ளியது. ஏப்ரலில் வரிசைகள் குடித்தவன் போட்ட வேலி மாதிரி நின்றன. கண்ணாடிகள் விரிசல் விட்டன. உள்ளூர்ப் பெண் கொடுத்த அளவு தவறு என்று ரெய்யோ பத்திரிகைக்குச் சொன்னான், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தான். என் கடிதத்தின் முதல் வரியை மட்டும் காட்டினான். நான் நகலை அனுப்பியபோது, “அங்கே யாரும் பனியை வழிக்கவே இல்லை” என்று பதில் எழுதினான். அங்கே டிராக்டர் ஓட்டிய தௌனோவைக் கேட்டேன். தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். அடுத்த குளிர்காலத்துக்கும் அவருக்கு வேலை வேண்டியிருந்தது.

சாலை அலுவலகம் என்னை வேலையிலிருந்து நிறுத்தியது. கடைக்காரி எல்லார் முன்னாலும், “ஹெல்வி, வெளிய எத்தனை டிகிரி? ஐயோ வேணாம், உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு” என்றாள். பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

இப்போது ரெய்யோவுக்கு ஆற்றோரப் புல்நிலமும் வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

முதல் வேலை, நான் எழுதும் கூட்டக் குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட ஆள் போடுவது. அப்பாவின் வீட்டை விற்காமல் வைத்திருப்பதால் ரெய்யோவும் சங்க உறுப்பினன்தான்.

“நம்ம ஊர்ப் பையன்தானே. ரெய்யோவையே போடலாம்” என்றேன்.

“இவ்வளவு மரியாதையா, ஹெல்வி? நீங்க காபியில உப்புப் போட்டுத் தருவீங்கன்னு நெனச்சுல்ல வந்தேன்.”

“உப்பு தீந்துபோச்சுப்பா.”

சுவரோரம் சிரிப்பு. அவனும் சிரித்தான்.

பிறகு எழுந்து பேசினான். மார்ச் வெயிலில் பனி கீழிருந்தும் வெளிச்சத்தை ஏற்றிவிடும், பலகைக்கு வெக்கைதான் ஆகாது, குளிர் நல்லது என்றான். அதில் பொய் எதுவும் இல்லை. எழுதிக்கொண்டேன்.

“அது சரி,” என்றேன், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “ஊருக்கு என்ன வேலை கெடைக்கும்? போன தடவை தௌனோவைச் சும்மா உக்கார வச்சுட்டீங்கன்னு பேச்சு.”

“யாரு சொன்னது?” ரெய்யோ தௌனோவின் தோளில் தட்டினான். “வாரத்துக்கு ரெண்டு நாள் வழிச்சாரு மனுஷன். வரிசைக்கு வரிசை, புல்லு தெரியற வரைக்கும் வழிங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு நாள்கூட எங்க வண்டி மாட்டிக்கல. இந்தத் தடவை ரெண்டு டிராக்டர் வேணும்.”

யாரோ காபியைக் கலக்குவதை நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் பிள்ளைகளைச் சறுக்கக்கூட விடமாட்டோம். பனிதான் மண்ணுக்குப் போர்வை, அது அமுங்கினால் குளிர் உள்ளே இறங்கும். ரெய்யோ இருபது வருடமாக ஊலு நகரத்தில் மாடிக் குடியிருப்பில் இருப்பவன். அவன் வீட்டுக் குழாய் எங்கே போகிறதென்றே அவனுக்குத் தெரியாது. வேலை கொடுத்த பெருமையில், யாரும் வழிக்கவே இல்லை என்று எனக்கு எழுதியதையும் மறந்துவிட்டான்.

நான் எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டினேன். “சரியா இருக்கா?”

“அட்சரம் பிசகல.”

“‘நான்தான்’னு சொன்னாரே, அது இருக்கா?” என்று தௌனோ கையுறையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இருக்கு.”

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். இரண்டாவது காபியோடு ரெய்யோ கையெழுத்திட்டான். வாய் நிறைய ஏலக்காய் ரொட்டி. கையை ஆட்டிவிட்டு வண்டியேறிப் போனான்.

தலைவியின் கையெழுத்து மட்டும் பாக்கி. எல்லாரும் போகும்வரை மார்த்தா பேனாவைத் தொடவில்லை.

“இதை எங்க அனுப்பப்போற?”

“காப்பீட்டுக்காரங்களுக்கு.”

“அவன் வேலை போயிடும்டி. ரெண்டு பிள்ளைங்க.”

“போகட்டும்னுதான் அனுப்புறேன்.”

“அவனே எழுதித் திருத்திக்கட்டும். ஒரு வாரம் குடு.”

“ரெண்டு வருஷம் குடுத்தேன். ஒரு வரி எழுதினானா?”

அடுப்பில் விறகு சரிந்தது. மார்த்தா குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். “இவ்வளவு நாளா மனசுல வச்சிருந்தியா” என்றாள். பிறகு, “இதுல பொய்னு எதுவும் இல்ல” என்று கையெழுத்திட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எழுதினேன். நான்கே வாக்கியம். ரெய்யோ ஒப்பமிட்ட குறிப்பின் பிரதி, என் பழைய கடிதத்தின் முழு நகல், இரண்டும் இணைப்பு. எனக்கு வருத்தமாக இருப்பதாக எங்கேயும் எழுதவில்லை, இல்லாததை எழுதும் பழக்கம் எனக்கில்லை. இதற்கும் நகல் எடுத்துக்கொண்டேன். உறையை நாக்கால் நனைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் மூன்று முறை அழுத்தினேன்.

தபாலும் அந்தக் கடையில்தான். கடைக்காரி முகவரியைப் படித்தாள், மறுபடியும் படித்தாள். தராசில் வைத்தாள்.

“பதிவுத் தபாலாவா, ஹெல்வி?”

“ஆமா. வாங்கினவன் கையெழுத்து எனக்குத் திரும்பி வரணும்.”

முத்திரை குத்திப் பைக்குள் போட்டாள்.