சுருதி எழுதாத சீட்டு

பிறந்தநாள் பேனரின் அடியில் ‘பல்லாண்டு வாழ்க’ என்றிருந்த வரியை வெள்ளைத் துணியால் மறைத்து, தாரா ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். படம் பிடித்தவன் எப்படியோ அவரைச் சிரிக்க வைத்திருந்தான். வீட்டில் கிடைத்த மற்ற படங்களிலெல்லாம் கடவுச்சீட்டுக்கு உட்கார்ந்த முகம்தான். சவப்பெட்டிக்குப் பின்னால் வைக்க இதைவிட நல்ல படம் இல்லை.

சித்தப்பா சின்னத்துரைக்கு அது பிடிக்கவில்லை.

“சாவு வீட்டுல பொறந்தநாள் பேனரா? வர்றவங்க சிரிப்பாங்க லா.”

“சிரிக்கட்டும்” என்றாள் அம்மா திலகம், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே. “அவரும்தான சிரிக்கிறாரு.”

சித்தப்பா பந்தலின் மறுபக்கம் போய் நாற்காலிகளை வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

அப்பா சத்தியசீலனுக்கு அன்று எழுபது வயது. மாலை விழாவுக்குச் செர்டாங் ஊரில் மண்டபம் எடுத்திருந்தார்கள். பேனர், கேக், வாழ்த்துரைகள் எல்லாம் தயாராக இருந்தன. அவர் வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வார்டு டிவியில் யாரோ சுருதி தப்பிப் பாடுவதாகவும் அதை நிறுத்தச் சொல்லும்படியும் நர்சிடம் சொன்னதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. நர்ஸ் அதைச் சொன்னபோது தாரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து நின்றாள்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிப் பிழைத்த மனிதர். சனி, ஞாயிறு வந்தால் தன் சொந்த வேனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுவிசேஷப் பாட்டுப் பாடுவார். முப்பத்தொரு வருடம். குழுவுக்கு அவர் வைத்த பெயர் நீளமாக, வேத வசனம் போல இருக்கும். தோட்டத்து ஜனங்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். ‘பாட்டு வேன் வந்திருச்சு’ என்பார்கள், அவ்வளவுதான். சாமி கும்பிடும் வீடுகளும் கூப்பிடும். அவரும் போவார்.

பாட்டு வேனுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. குழு முதல் அடியைப் பாடி நிறுத்தும். இரண்டாம் அடியை அந்த வீட்டுக்காரர் யாராவது எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வாய் திறக்காத பாட்டு அங்கேயே நின்றுபோகும். அதனால் அவர்கள் குரலுக்கு எட்டுகிற சுருதியில்தான் எடுக்க வேண்டும். யாராவது மேலே எடுத்துவிட்டால் அவருடைய வலது கை உயரும். மொத்தக் குழுவும் நிறுத்தும். கீழே இறங்கி மறுபடி தொடங்கும்.

அந்தக் கை ஒருமுறை தாராவுக்காக உயர்ந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சிடாம் கிரி ஊர்ப்பக்கம், புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் வீட்டு வாசல், எதிரே அறுபது பேர். குரல் நல்ல பதத்தில் இருந்த நேரம். மேலே எடுத்தாள், அழகாகவே எடுத்தாள். அந்த வீட்டுக்காரி வாயைத் திறந்து, எட்டாமல், மூடிக்கொண்டாள். அப்பாவின் கை உயர்ந்தது. “ஒன் தொண்டையக் காட்டவா வந்தோம்?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். திரும்பி வரும்போது தாரா வேனின் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அதற்குப் பிறகு வேனில் ஏறவே இல்லை. இப்போது முப்பத்தெட்டு. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு ஷிப்ட் முழுவதையும் கட்டி மேய்க்கிறாள். குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் கோபம் இவ்வளவு வருடம் தாங்கியது.

பத்து மணிக்கு வேன் வந்தது. குணாளன்தான் ஓட்டி வந்தார். குழுவின் கீபோர்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அப்பாவிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. கீபோர்டைப் பந்தலில் இறக்கி வைத்துவிட்டு, தாராவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

அது என்னவென்று தாராவுக்குத் தெரியும். வேனில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பிறந்தநாள்காரர் ஒரு சீட்டு எழுதிக் குணாளனிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்கும்: எந்தப் பாட்டு, யார் எடுப்பது, என்ன சுருதி. அப்பா ஒவ்வொரு வருடமும் அழகம்மாவின் பெயரைத்தான் எழுதுவார். அழகம்மா முதல் நாளிலிருந்து குழுவில் பாடுகிறவர்.

இந்தச் சீட்டில் பாட்டு, அவர் வேன் ஓட்டிக்கொண்டே கட்டியது: ‘வழி தெரிந்தவர் முன்னே போகிறார்’. எடுப்பது: தாரா. சுருதி என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுதவில்லை.

“மறந்துட்டாரா?”

“ஒங்கப்பாவா?” என்றார் குணாளன். “போன மாசமே குடுத்துட்டாரு. சுருதி எழுதலியே அண்ணேன்னு கேட்டேன். அவ பாத்துக்குவானு சொன்னாரு.”

தாரா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பெட்ரோல் ரசீது. செர்டாங்குக்கு வரும்படி அப்பா இரண்டு முறை போன் செய்ததும், ஷிப்ட் இருக்கிறது என்று அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன. ஷிப்ட் இல்லை. பொய்தான் சொன்னாள்.

“என்னால முடியாதுண்ணே. பத்தொம்போது வருசமாச்சு. அழகம்மா ஆண்டி எடுக்கட்டும்.”

“எடுக்கட்டும். ஆனா ரெண்டாவது அடிய யாரு எடுக்கிறது? இன்னிக்கு வீட்டுக்காரங்க நீங்கதான. ஒங்கம்மா பாடி யாரு கேட்டிருக்கா?”

அதுவும் உண்மை. திலகத்துக்குச் சுருதி என்பது அடுத்த வீட்டு விவகாரம். இத்தனை வருடமும் தேநீர் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வேனில் வைத்துவிட்டு வாசலோடு நின்றுவிடுவாள். கோயில் ஆராதனையில்கூட வாயசைப்பாளே தவிரச் சத்தம் வராது. அப்பாவின் காதுக்குப் பயந்து என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்காரர் எடுக்காவிட்டால் பாட்டு நிற்கும். முப்பத்தொரு வருடம் ஊரார் வீடுகளில் நிற்காத பாட்டு, அவர் வீட்டிலேயே அவர் எதிரிலேயே நின்றுபோகும். தாரா சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

போதகர் ஜெபித்து முடித்ததும் அழகம்மா எழுந்தார். செர்டாங்கில் படிக்க எழுதி வைத்திருந்த நான்கு பக்க வாழ்த்துரையை, ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே படித்தார். நடுவழியில் டயர் பஞ்சரானபோது அப்பா குழுவைச் சாலையோரத்தில் நிற்க வைத்து இரண்டு மணி நேரம் ஒரே பாட்டைப் பயிற்சி செய்ய வைத்ததைச் சொன்னார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. ‘இந்த வருடமும் எங்களைத் திட்டி நடத்தும்படி வேண்டுகிறோம்’ என்ற கடைசி வரி வந்ததும் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குணாளன் தாராவைப் பார்த்தார். தாரா பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். அப்பாவின் வலது கை மார்பின் மேல், வெள்ளைக் கையுறைக்குள் இருந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். முதல் அடியை எடுத்தாள்.

குரல் வந்தது. தேயவில்லை, துருப்பிடிக்கவில்லை. பழைய இடத்திலேயே, மேலே, சுத்தமாக நின்றது. பந்தலில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குணாளன் சட்டென்று சுருதியைப் பிடித்தார். குழு சேர்ந்துகொண்டது. இரண்டாம் அடியையும் அவளே எடுத்துவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவளும் வீட்டுக்காரிதான்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். திலகம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. எட்டவில்லை. உதடுகள் மறுபடி மூடிக்கொண்டன.

தாராவின் வலது கை உயர்ந்தது.

குழு நின்றது. பழக்கம் அப்படி. அழகம்மா அந்தக் கையையே பார்த்தார். தாரா அம்மாவின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மெல்ல, வீட்டில் பேசுகிற குரலில் மறுபடி தொடங்கினாள். ஆண்களே அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டிய தாழ்ந்த இடம் அது. முதல் அடியைப் பாடி நிறுத்தினாள்.

காத்திருந்தாள்.

“வழி தெரிஞ்சவரு…” என்றாள் அம்மா. இரண்டாம் அடி அதுவல்ல. ராகமும் அதுவல்ல. ஆனால் சத்தம் வந்தது. கரகரத்த, யாரும் கேட்டிராத சத்தம். பிறகு அடுத்த சொல் வந்தது. பிறகு அதற்கடுத்தது.

குழு பின்னாலேயே போனது. குணாளன் கட்டைகளில் அம்மாவின் சுருதியைத் தேடினார். ஒன்றை அழுத்தினார், விட்டார். இன்னொன்றை அழுத்தினார், விட்டார். கடைசியில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவரும் பாடத் தொடங்கினார்.