ரீகாவுக்குப் போன மூடி

காலை நாலே முக்காலுக்குப் பேச்சிராஜ் எழுந்தான். பல் தேய்த்தான். குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தான். மூடியில்லாத டிபன் டப்பாவில் நிறைந்திருந்த கடல்நீரைச் சாக்கடையில் கொட்டினான். டப்பாவைக் கழுவிச் சோறு போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துத் துணியால் கட்டினான். ஐந்தேகாலுக்குப் படப்பையில் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடம் போனான். மனைவி கவியா இறந்த நவம்பரிலிருந்து இப்படித்தான். இரவு கழுவிக் கவிழ்த்துவைக்கும் டப்பா காலையில் நிமிர்ந்து, விளிம்புவரை நிறைந்திருக்கும். அவன் கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கும் குவாலிட்டி பிரிவில் வேலை செய்பவன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். பால்டிக் கடலோரத்து ரீகா துறைமுகத்தில் அன்றைக்கு என்ன குளிரோ அதே குளிர். ஜனவரியில் மேலே பனிக்கட்டி படிந்திருந்தது.

ரீகாவுக்கும் டப்பாவுக்கும் உள்ள தொடர்பு ஒரு தவறு. கவியா அதே கம்பெனியில் பேக்கிங். போன வருடம் மார்ச்சில், ஓவர்டைம் பார்த்த ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு வந்தவள் டப்பாவின் மூடியை ரீகாவுக்குப் போகும் பெட்டிக்குள் இயந்திர பாகங்களுக்கு நடுவே வைத்து மறந்துவிட்டாள். பெட்டி பட்டை கட்டிக் கப்பலேறிவிட்டது. ஆறு வாரம் கழித்து ரீகாவிலிருந்து புகைப்படத்தோடு புகார் வந்தது. கல்யாணச் சீரில் வந்த பாத்திரம். மூடியில் ‘கவியா’ என்று பெயர் வெட்டியிருந்தது. அது எந்தப் பாகத்தின் எண் என்று அங்கே கேட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் தேவநாதன் காலை மீட்டிங்கில் அவளை முன்னால் நிறுத்தினார்.

“இன்னாம்மா, வெள்ளக்காரனுக்குச் சோறு கட்டி அனுப்பிக்கினு கீறியா?”

லைன் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், “சீர்ல வந்ததுங்க, அப்படியே விட்டுற முடியுமா? போயி வாங்கிட்டு வந்துருவோம்” என்றாள். அப்படித்தான் பயணத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருட ஜூனில் கம்பெனி பராமரிப்புக்காக மூடும் பத்து நாள் என்று முடிவானது. செங்கல் கோபுரத்தின் உச்சியில் சேவல் நிற்கும் பழைய தேவாலயம், துறைமுகம், பெட்டிகள் போய்ச் சேரும் கிடங்கு என்று மூன்று இடங்களை வரைபடத்தில் வட்டமிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தாம்பரத்து டிராவல்ஸில் இரண்டு பேருக்கும் விசாவுக்கு ஃபைல் போட்டார்கள். நவம்பரில் டெங்கு வந்து நாலே நாளில் இறந்துபோனாள்.

நல்லது, கெட்டது என்று முடிவாகாத பாகத்துக்கு குவாலிட்டியில் மஞ்சள் அட்டை கட்டுவார்கள். பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. பேச்சிராஜ் வீட்டிலிருந்த அவள் ஃபைலில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டினான். ஆறு மாதம் தொடவில்லை. மே மாதம் ஒரு திங்கட்கிழமை டிராவல்ஸிலிருந்து யுவஸ்ரீ பேசினாள். “சார், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மேடம் பேர எடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதி கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இல்லன்னா உங்க ஃபைலும் சேர்ந்து போயிடும் சார்.”

அன்றிரவு தண்ணீர் டப்பாவைத் தாண்டி வழிந்தது. செவ்வாயன்று கணுக்கால் வரை நின்றது. புதனன்று காஸ் சிலிண்டர் மிதந்தது. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. வீட்டுக்காரம்மா ராஜம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “இன்னாப்பா இது, வூடா கொளமா? வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி போவணும். இல்ல, நீ போவணும்.”

வெள்ளியன்று அவன் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. சமையல் மேடைமேல் உட்கார்ந்து கடிதத்தை நனையாமல் பிடித்திருந்தான். கையெழுத்துப் போட்டால் வற்றிவிடும் என்று நினைத்தான். அது வற்றிவிட்டால் அவளிடமிருந்து வர வேறெதுவும் இல்லை. நாலு மணிக்கு மேடை முழுகியது. நாலரைக்கு நெஞ்சுவரை வந்தது, பற்கள் கிட்டின. போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வரைபடம் ஃபிரிட்ஜிலிருந்து கழன்று மிதந்து வந்து அவன் சட்டையில் ஒட்டியது. நாலு ஐம்பதுக்குக் கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். படம் எடுத்து அனுப்பினான்.

தண்ணீர் பதினோரு நிமிடத்தில் இறங்கியது. கதவு, மேடை, தரை என்று இறங்கி, டப்பாவின் விளிம்பில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. மறுநாள் காலையிலும் டப்பா நிறைந்திருந்தது. ராஜம்மா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு கம்மி, ஊறுகாய்க்கு ஆகாது என்றாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

விசா வந்தது. ஜூனில், விமான நிலையத்தில், சோதனை செய்த பெண் டப்பாவில் இருந்த தண்ணீரைக் கொட்டச் சொன்னாள். கொட்டினான். நிறைந்தது. அவளே இரண்டு முறை கொட்டினாள். பின்னால் வரிசை நீண்டது.

“மூடி எங்க சார்?”

“அங்க இருக்கு.”

அவள் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் அவனிடம் கொடுத்தாள்.

கவியா கடைசியாக ரீகாவின் பெயரைச் சொன்னாள் என்று பேக்கிங்கில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் அதே டப்பாவில்தான் கஞ்சி கொண்டுபோயிருந்தான். அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். “மூடி இல்லாம ஏங்க கொண்டு வந்தீங்க? பஸ்ஸுல சிந்திரும்லா.”