பதினாறரை சென்டிமீட்டர்

…டாஷ்போர்டின் விளிம்பில் இரண்டரை மில்லிமீட்டர் வளைவு வந்துவிட்டது, வராமல் எங்கே போகும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது டெஸ்மண்ட் அல்லவா, ஆனாலும் இடது ஓரத்தில் விரலை வைத்தால் இலேசாகக் கீறுகிறதே, அது விளிம்பா, தன் நகமா? நாளைக் காலை ஒன்பதுக்கு அரசாங்கச் சோதனை. பெட்டி பெட்டியாக வந்த சாமான்களை ஆறு வருடம் வீட்டுக் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பூட்டி உண்டாக்கிய கார், தேறினால்தான் சாலையில் ஏறும். வேறு யாராவது என்றால் தோற்றுவிட்டு மறுமாதம் போய்க்கொள்ளலாம், டெஸ்மண்ட் தோற்கலாமா, கார் கட்டுவோர் சங்கப் பத்திரிகையில் ‘பொறுமையே பொறியியல்’ என்று முப்பத்தொரு மாதமாக இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரத்துக்கே உபதேசம் செய்கிறவர்? டாஷ்போர்டின் எட்டாவது திருகு இறங்க மறுத்தது… சே, மரம் விரிசல் விட்டால், வால்நட் மரம், போன கட்டுரையில் அதன் ரேகைகளுக்கு மட்டும் இரண்டு பத்தி.

விரியவில்லை, இறங்கிவிட்டது. இனி சுவிட்சுகள். நடுவில் வரிசையாக ஆறு, அலுமினியம், போர் விமானத்தில் இருப்பதுபோல் ஆணியாய் நீட்டிக்கொண்டு. சோதனைக்காரர் பதினாறரை சென்டிமீட்டர் பந்து ஒன்றை டாஷ்போர்டில் உருட்டுவார், அது தொடுகிற இடம் எதுவும் கூராக இருக்கக் கூடாது. ஸ்டியரிங்கைச் சுற்றி மட்டும் விதிவிலக்கு, சுவிட்சுகளோ அதைத் தாண்டி. சுதந்திர ஆங்கிலேயனின் சுவிட்சுக்கு அரசாங்கம் ரப்பர் குல்லாய் மாட்டுவதா என்று டெஸ்மண்ட் எழுதியதைப் படித்துச் சங்கச் செயலாளர் பாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாண்ட்விச்சில் கடுகு அதிகம். எழுதினாலும் குல்லாய் மாட்டித்தானே ஆக வேண்டும், மாட்டிக்கொண்டு போவதும் தேறி வந்த கையோடு பிடுங்கி எறிவதும் சங்கத்தில் எல்லோரும் செய்வது, கல்யாணத்துக்குக் கட்டின டை மாதிரி. ஆனால் நாலாவது குல்லாய் ஆடுகிறது. பந்து பட்டு உருண்டு விழுந்தால்? ஒரு சொட்டுப் பசை விட்டால் நிற்கும், அப்புறம் வரவே வராது, போர் விமானத்தில் ஒற்றை ரப்பர் மூக்கு… விடுவதா, வேண்டாமா?

தேநீரோடு வந்த மனைவி க்ளெனிஸ், நேற்றுத்தான் பூட்டிய பக்கத்து இருக்கையில் கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவருக்கு முன்னால் வேகம், எண்ணெய் என்று ஒன்பது முள், தனக்கு முன்னால் வெறும் பலகை என்று பார்த்தாள், இந்தக் காரில் அவள் என்ன சாமான் மூட்டையா என்று கேட்டாள், இடுப்புப் பட்டையைத் தேடி நடுப்பக்கமாகக் குனிந்தாள். நிமிரும்போது நெற்றி மெத்தென்று இடித்தது. நாலாவது குல்லாய் அவள் மடியில் விழுந்தது.

“நல்ல வேளை, தொப்பி போட்டிருந்துது” என்று நெற்றியைத் தேய்த்தாள். “நாளைக்கு வந்ததும் எல்லாத்தையும் கழட்டிருவ, இல்ல டெஸ்?”

ஆமாம், சங்கத்தில் எல்லோரும்… என்று தொடங்கியவர் அந்த ஆணி முனையைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார், தலையின் அகலம் எவ்வளவு இருக்கும், பதினாறு, பதினாறரை, முப்பத்தொரு கட்டுரையில் அந்தப் பந்தை எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறோம், ஏன் பதினாறரை என்று ஒருநாளாவது…

“என்னத்தப் பாக்கற?” என்றாள் க்ளெனிஸ்.