வெள்ளைக்குத் தனி ட்யூப் கிடையாது

நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை என்று ஒரு நிறமே இல்லை; வெள்ளை என்பது காகிதம் காக்கும் மௌனம். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சனி ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு நடத்திவந்த மாஸ்டர், ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறந்ததும் வரிசையாகப் போய்ப் பிள்ளைகளின் வண்ணப்பெட்டிகளிலிருந்து வெள்ளை ட்யூப்பை மட்டும் உருவி எடுத்துக்கொள்வார். புதுப்பெட்டி வாங்கினாலும் அதே விதிதான். பெட்டியைத் திறந்த கையோடு வெள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பறிமுதலானவை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சேரும். ஆண்டுக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் அந்த டின் மளமளவென்று காலியாகும் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அந்த வாரத்துக்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் ஃபினிஷிங். பிள்ளைகள் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கோணலான வீட்டை நிமிர்த்துவார். சேறாகிப் போன ஆற்றில் வெள்ளை தொட்டு நாலு மினுக்கல் வைப்பார். காலியாக எங்காவது இடம் தெரிந்தால் அவருக்குக் கை அரிக்கும். மூன்று பறவைகளைப் பறக்கவிட்டுவிடுவார். இதில் ஏமாற்று இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் பிள்ளையை வெளியே அனுப்புவது போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொள்வார். பெற்றோர் வந்து பார்ப்பார்கள், "நம்ம பிள்ளையா போட்டுச்சு" என்று வாயைப் பிளப்பார்கள், அடுத்த ஆண்டும் அனுப்புவார்கள். பிளந்த வாய்களை நம்பித்தான் மாடியே நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, அந்த மூணு பறவைக்கும் வயசாயிடுச்சு. பாவம், எறக்கி விடுங்க" என்பாள் மனைவி.

"உனக்குக் கலை தெரியாது."

"தெரியாதுதான். ஆனா எல்லாப் படத்துலயும் அதே மூணு, அதே பக்கமா பறக்குதே, எங்கதான் போகுதுன்னு கேட்டேன்."

வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பென்சிலை நகக்கண் அளவு தேய்கிறவரை விடமாட்டாள் என்பதால் மற்றப் பிள்ளைகள் அவளுக்குக் குட்டைப் பென்சில் என்று பெயர் வைத்திருந்தார்கள். ட்யூப் மூடிகளைக் கடிக்கிற பழக்கமும் உண்டு. மற்றவர்கள் மாஸ்டர் சொன்ன மௌனத்தை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். இவள் மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். கண்காட்சிக்காக அந்தப் பெண் தீட்டியது, அந்த நிலையத்து மொட்டைமாடியை. கொடிக்கயிறு, ஈரத்தரை, ஓரத்தில் ஒரு வாளி. நடுவில் காகிதத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு விரிப்பு. விரிப்புக்கு மேலே அதைக் கயிற்றில் பிடித்திருக்கும் விரல்கள். கீழே இரண்டு பாதங்கள். விரிப்பில் மட்டும் ஒரு சொட்டு வண்ணம் இல்லை. சுற்றிலும் ஈரத்தைத் தேக்கி நிறுத்தி, ஓரம் கசியாமல், வெறும் காகிதமாக விட்டிருந்தாள்.

ஃபினிஷிங் வாரத்தில் அந்தப் படம் கட்டின் அடியிலிருந்து வந்தது. மாஸ்டர் களைத்துப் போயிருந்தார். இந்தப் பெண் வானத்தை அப்படியே விட்டுவிட்டாளே என்று எண்ணி, அகலத் தூரிகையை நீலத்தில் நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பறவைகளையும் போட்டார். அதற்குப் பிறகுதான் வானத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள் நிற்பதைக் கவனித்தார். அது வானம் இல்லை, துணி. நீலமோ அதற்குள் காகிதத்தில் ஊறிவிட்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார். நாலாவதாக ஒரு பறவை போட்டார்.

கண்காட்சியன்று நாற்காலி போட உதவுகிறேன் என்று அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். சுவரில் தன் படத்தைத் தேடினாள். இரண்டு முறை அதைக் கடந்து போனாள். மூன்றாம் முறை வாளியை அடையாளம் கண்டு நின்றாள்.

"மாஸ்டர், என் துணி எங்க?"

"ஃபினிஷிங் பண்ணிருக்கேன்மா. கொஞ்சம் வெறிச்சுன்னு இருந்துச்சு."

"நீங்கதான சொன்னீங்க, வெள்ளைன்னா பேப்பர்னு."

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. கணக்கில் எங்கே தவறினோம் என்று கேட்கும் குரலில் கேட்டாள். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம். "இப்பவே சரி பண்ணிடறேன், அம்மா வர்றதுக்குள்ள" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய் வெள்ளை ட்யூப்போடு வெளியே வந்துவிட்டது.

அந்தப் பெண் ட்யூப்பைப் பார்த்தாள். பிறகு அதன் மூடியைப் பார்த்தாள். மூடியைச் சுற்றி அவளுடைய பல் தடம் இருந்தது.

"இதப் பிடி" என்று மூடியை அவள் கையிலேயே கொடுத்தார் மாஸ்டர், வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல். வெள்ளையைப் பிதுக்கித் தூரிகையால் அப்பினார். அடியிலிருந்த நீலம் கிளம்பி வந்து வெள்ளையோடு கலந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் ஒரு திட்டு பரவியது. இரண்டு பறவைகள் அதில் மூழ்கின. மற்ற இரண்டும் தத்தளித்தன. இன்னும் கொஞ்சம் அப்பலாம் என்று ட்யூப்பைப் பிதுக்கியபோது மனைவி படியேறி வந்து, "கண் டாக்டர் வந்துட்டார்ங்க" என்றாள். கண் டாக்டர்தான் அந்த ஆண்டுச் சிறப்பு விருந்தினர். மாஸ்டர் மூடியில்லாத ட்யூப்பை அப்படியே பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, கும்பிட்டபடி ஓடினார்.

பெற்றோரும் வந்து கூடம் நிறைந்தது. டாக்டர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். எல்லாப் படமும் அவருக்கு அருமையாக இருந்தது. அந்த மொட்டைமாடிப் படத்தின் முன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரு துணிக்குள்ள வானம். வானத்துக்குள்ள பறவை. அதுல ரெண்டு மேகத்துல கரையுது பாருங்க. எவ்வளவு ஆழம்" என்றார். கூட வந்தவர்களும் ஆழத்தைப் பார்த்தார்கள். "யாரும்மா இது போட்டது? நீயா? இந்தப் பறவையெல்லாம் எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

அந்தப் பெண் தன் மூடிய கையைப் பார்த்துக்கொண்டு, "அது நான் போடல" என்றாள்.

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரிடம் ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. நான்தான் போட்டேன், தெரியாமல் போட்டுவிட்டேன். நீளமான வாக்கியம்கூட இல்லை. ஆனால் அது வெளியே வந்தால், சுவரிலிருக்கும் மற்றப் பறவைகளும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவர் தோளில் உட்கார்ந்துவிடும். பெற்றோர்கள் தத்தம் பிள்ளையின் படத்தைத் திரும்பிப் பார்ப்பது அவர் மனக்கண்ணில் வந்துபோனது.

"குழந்தைங்க அப்படித்தான் சார். படம் போடறப்ப வேற உலகத்துல இருப்பாங்க. போட்டதே மறந்துடும்" என்றார். சிரிக்கவும் சிரித்தார்.

டாக்டரும் சிரித்தார். அந்தப் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. அரை நாள் விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கறை போயிற்றா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவளைப் போலப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகள் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்; பக்கத்தில் நின்ற மாஸ்டருக்கும் கேட்டது.

"அத்தன நேரம் என்னை அந்த மாடில நிக்க வச்சுப் பாத்தியே. அசையாதம்மா, துணி ஆடுதுன்னு சொன்ன. இதுல என்னடி இவ்வளவு கறை? இப்படியா நான் வெளுக்கறேன்?"

"நான் போடலம்மா."

"போட்டதப் போடலன்னு வேற சொல்றியா? மாஸ்டர் பொய் சொல்வாரா? பெரிய மனுஷங்க முன்னாடி மானத்த வாங்காத."

அந்தப் பெண் தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்த்தாள். நேரம் ஆகட்டும், காத்திருக்கிறேன் என்பது போன்ற பார்வை. வகுப்பில் ஈரம் காயக் காத்திருக்கும்போது அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மாஸ்டர் விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிஸ்கட் தட்டோடு நின்ற மனைவியைப் பார்த்தபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா. நான்தான் போட்டேன்" என்றாள் அந்தப் பெண். "மறந்துட்டேன்."

முதல் பரிசு அவளுக்குத்தான் என்று டாக்டர் அறிவித்தார். கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், நடுவில் நிறுத்திப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். மாஸ்டர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். பேச எழுந்தால் அவருக்கு எப்போதும் வருவது அந்த ஒரு வாக்கியம்தான். கண்ணை மூடிக்கொண்டு, "நீர்வண்ண ஓவியத்தில் வெள்ளை என்று" என ஆரம்பித்தார். கண்ணுக்குள் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. "எல்லாருக்கும் நன்றி. டீ குடிச்சுட்டுப் போங்க" என்று முடித்துக்கொண்டார். மாஸ்டர் தழுதழுத்துவிட்டார் என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள்.

பரிசு ஒரு புது வண்ணப்பெட்டி. டாக்டர் கொடுத்ததும் அந்தப் பெண் மேடையோரத்திலேயே உட்கார்ந்து அதைப் பிரித்தாள். வரிசையில் விரலை ஓட்டி வெள்ளை ட்யூப்பை எடுத்தாள். எழுந்து, டாக்டருக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த மாஸ்டரிடம் வந்தாள். ஒரு கையில் புது ட்யூப். அதுவரை பொத்தியே வைத்திருந்த மறு கையை அப்போதுதான் திறந்தாள்.

"மாஸ்டர், வெள்ளை. இது அந்த மூடி."

அவள் குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று மாஸ்டர் தேடிப் பார்த்தார். விதியை மீறாத பிள்ளையின் குரலாகத்தான் இருந்தது.

"என்ன ஒழுக்கம் பாருங்க" என்றார் டாக்டர். "இத ஒரு போட்டோ எடுங்கப்பா."

மாஸ்டர் கையை நீட்டினார்.

அந்தப் போட்டோ இன்னும் மாடிக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் மாஸ்டரின் கறுப்புப் பேண்டில், வலது பாக்கெட்டிலிருந்து முழங்கால் வரைக்கும், வெள்ளையாக வழிந்திருக்கிறது.