ஏழு ரோஜா, பதினாலு ரோஜா

மார்ச் எட்டாம் தேதி காலை பத்து மணிக்குள் பிளோவ்திவ் நகரத்துப் பெண்களில் பாதிப்பேரைச் சாகடித்த பெருமை யாவோரையே சேரும். ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லோருக்கும் பூதான் போனது, ஆனால் இரட்டைப்படையில். உயிரோடு இருப்பவளுக்கு ஒற்றைப்படை, சவப்பெட்டிக்கு இரட்டைப்படை. பல்கேரியாவில் பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

இணையத்தில் பூ விற்கும் ஒரு கம்பெனியில் யாவோருக்கு வேலை. வருகிற ஆர்டர்களைப் பூக்கிடங்கின் சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் அவன் எழுதியது. பெண்கள் தின நெரிசலில் ஒரு ஆர்டர்கூடத் தவறக்கூடாது என்று முதலாளி ஓக்னியான் ஒரு வாரமாகக் குதித்தார். தொல்லை தாங்காமல் முந்தின நாள் அதில் ஒரு வரி சேர்த்தான்: ஐந்து வினாடிக்குள் பதில் வராவிட்டால் அதே ஆர்டரை இன்னொரு முறை அனுப்பு. பாழாய்ப்போன கிடங்கு சர்வரோ முதல் தடவையே ஆர்டரை வாங்கிக்கொண்டது. அன்றைய நெரிசலில் பதில் சொல்லத்தான் அதற்கு நேரமில்லை. இரண்டாம் தடவை வந்ததையும் வாங்கிக்கொண்டது. முகவரி ஒன்றுதானே என்று கிடங்குக்காரர்கள் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினார்கள்.

"டேய் யாவோர்! கல்லறை வாசல்ல பூ விக்கிற கிழவன் போன் பண்றான்டா! அவன் பொழப்புல நாம மண்ணள்ளிப் போடறோமாம்!" என்று ஓக்னியான் கத்தினார்.

"ஒண்ணுகூடத் தவறக்கூடாதுன்னீங்க. தவறலையே, சார்."

"வாயை மூடிட்டு அதை நிறுத்தித் தொலை!"

ஊர் எக்கேடு கெட்டால் யாவோருக்கு என்ன? அவன் கவலையெல்லாம் ஒரே ஒரு கட்டைப் பற்றித்தான். அன்று மத்தியானம் தன் காதலி ரலிட்சாவை அவள் அம்மா முன்னிலையில் பெண் கேட்பதாக இருந்தான். அம்மாளைக் குளிர்விக்கக் காலையிலேயே ஏழு ரோஜா அனுப்பியிருந்தான், தன் கம்பெனி மூலமாகவே. அம்மாள் பெயர் ஸ்தோயான்கா. நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

ரலிட்சா போனில் வந்தாள். "பதினாலு. அம்மா ரெண்டு தடவை எண்ணிட்டாங்க. நான் எப்போ போவேன்னு காத்துக்கிட்டிருக்கானான்னு கேக்கறாங்க."

"அய்யோ! ஒண்ணை எடுத்துத் தூரப் போடச் சொல்லேன்!"

பின்னாலிருந்து அம்மாள் சீறினாள். "சாவுப் பூவை நான் என் கையால தொடணுமா? அனுப்பினவனையே சரிபண்ணச் சொல்லுடி!"

யாவோர் பதறிப்போய் இன்னும் ஒரே ஒரு ரோஜாவுக்கு அவசர ஆர்டர் போட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது, அந்த வரியை இன்னும் எடுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தான். ஆர்டருக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண் திரும்பி வந்தால் கண்டுகொள்ளாதே என்று எழுதினான். இந்தப் புத்தி நேற்று வந்திருக்கக் கூடாதா?

எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் ரலிட்சா. "பதினாறு. அம்மா கறுப்பு கவுன் மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. நீ நேர்ல வந்து சேரு."

தெருமுனையில் ஒரே ஒரு ரோஜா வாங்கிக்கொண்டு, அதைக் கையை விட்டு இறக்காமல் நாலு மாடி ஏறினான். கதவைத் திறந்த ஸ்தோயான்கா அதைப் பிடுங்கி ஜாடியில் செருகி, முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினேழு." நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "அப்பாடா, பொழைச்சேன். உள்ள வா, சீஸ் வெச்சுச் சுட்ட பனிட்சா ஆறுது."

அவள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். சமையலறையிலேயே ரலிட்சா முன்னால் மண்டியிட்டான் யாவோர். "என்னைக் கட்டிக்கிறியா?"

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் ஓக்னியான் அலறினார். போனை அணைக்கும் அவசரத்தில் அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வினாடி காத்தான். பிறகு, பழக்கதோஷம், மறுபடியும் கேட்டான். "என்னைக் கட்டிக்கிறியா?"

"காது செவிடா? கட்டிக்கிறேன்!"

"அடிப்பாவி!" ஸ்தோயான்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "முன்னாடியே ஒரு தடவை சொன்னியே! ரெண்டாயிருச்சே! மாப்ள, பாத்துக்கிட்டு நிக்காம இன்னொரு தடவை கேளுங்க!"

கேட்டான். ரலிட்சா சிரித்துக்கொண்டே மூன்றாம் தடவையும் சொன்னாள். யாவோர் மறுபடியும் வாயைத் திறப்பதைப் பார்த்த ஸ்தோயான்கா, ஒரு துண்டு சூடான பனிட்சாவை எடுத்து அதில் அடைத்தாள்.