ஹாரன் இல்லாத பஸ்

"பஸ்ஸ விட்டவங்க எல்லாம் எங்கப்பா போவாங்க?"

டிரைவரின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்த வயது. டிவி திரையில் ஒரு மஞ்சள் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் நிற்கும் குச்சி மனிதர்களை அது ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றத் தவறினால் அவர்கள் அப்படியே மறைந்துவிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டும் அவளுடைய அப்பா, வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே எழுதிய விளையாட்டு அது. அடுத்த விடுமுறையில் பகல் முழுக்க உட்கார்ந்து விளையாட்டைத் திருத்தினார். அதன் பிறகு பஸ்ஸை விட்டவர்கள் யாரும் மறையவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அடுத்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவர்களை ஏற்றிச் சென்றது.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது நாம் பார்ப்பதைப் போன்றதல்ல. விசைப்பலகைதான் கம்ப்யூட்டர். அதன் முதுகிலிருந்து ஒரு வயர் டிவிக்குப் போகும், இன்னொன்று டேப் ரிக்கார்டருக்கு. கேசட்டை ஓடவிட்டால் கொஞ்ச நேரம் பூனைகள் சண்டை போடுவது போலக் கத்தும். பிறகு பஸ் வரும்.

இதே போன்ற இன்னொன்று டிரைவருடைய மனைவியின் அண்ணனிடம் இருந்தது. அவர் ரொட்டிக்கடைக்காரர். மைத்துனர்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. உலகம் எத்தனையோ கம்ப்யூட்டர்களை வாங்கித் தூக்கிப் போட்ட பிறகும் இவர்கள் இதைத்தான் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக்கடையின் பின்னறையில், மாவு படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் அது உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு இத்தனை ரொட்டி என்று தட்டினால், மாவு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று சொல்லும். தட்டை அடுப்பிலிருந்து எடுக்க வேண்டிய நேரத்தில் கீச்சென்று கூப்பிடும். கடைக்காரருக்கு அந்தக் கூப்பாடுதான் உயிர். வேலை நேரத்தில் அவருடைய கைகள் முழங்கை வரை மாவில் இருக்கும், முகம் சுவரைப் பார்த்திருக்கும். சும்மா இருப்பது காது மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருமுறை அது வாயடைத்துப் போனது. தட்டுத் தட்டாக ரொட்டி கரிந்தது. டிரைவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போன கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், திருப்புளிப் பையுடன் வந்தார். மச்சானை டீ வாங்க அனுப்பினார். டீ வருவதற்குள் மிஷின் கீச்சென்றது.

"தூசிதான் மச்சான். ஊதிவிட்டேன், சரியாப்போச்சு."

அதற்குச் சில நாட்கள் கழித்து டிரைவர் வீட்டு பஸ்ஸின் ஹாரன் நின்றுபோனது தெரிந்தது. "வயசாயிடுச்சுல்ல, தொண்டை கட்டிப்போச்சு" என்றார் அவர். அன்றிலிருந்து கடைக்காரருக்குக் கொண்டாட்டம். "ஊமை பஸ் ஓட்டுற ஒரே டிரைவர் எங்க மாப்பிள்ளைதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிரைவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

போன வாரம் டிரைவர் ரொட்டி வாங்க வந்தார். முகம் சரியில்லை.

"வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா மச்சான். பேத்தியும் வருது."

"நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் மாப்பிள்ளை முகத்த பஞ்சரான டயர் மாதிரி வச்சிருக்கீங்க?"

"அந்த பஸ்ஸ பத்தி பேத்திகிட்ட கதை கதையா அளந்து வச்சிருக்கா. ஃபோன்ல அது, 'தாத்தா, ஹாரன் அடிக்குமா'ன்னு கேட்டுச்சு. நானும் யோசிக்காம அடிக்கும்னுட்டேன்."

"ஊமை பஸ்ஸுக்கு வாக்கு வேற கொடுத்தாச்சா! பேசாம டிவிக்குப் பின்னாடி நின்னு வாயால அடிச்சிடுங்க."

"பழைய சாமான் கடையெல்லாம் அலசிட்டேன். சத்தம் போடுற அந்த சிப் எங்கேயும் இல்ல. இப்ப யாரும் செய்யறதும் இல்லையாம்."

அப்போது பின்னறையில் மிஷின் கீச்சென்றது. கடைக்காரர் தட்டை எடுக்க ஓடினார். டிரைவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். வெளியூரில் படிக்கிற பிள்ளையின் குரலைக் கேட்கிறவர் போல இருந்தது அவர் நின்றது.

"என்னங்க, பாவம், ரொட்டிய வாங்காமலே போறாரு" என்றாள் கடைக்காரரின் மனைவி.

இரண்டொரு நாளில், கடைக்காரரின் மிஷினில் ஒன்பதாம் எண் விசை ஒட்டிக்கொண்டது. சர்க்கரைத் தூள்தான் காரணம். அவர் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். அவர் கையால் அப்படித் திறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. உள்ளே மரவட்டை போல இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்பு சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

வாங்கிய புதிதில் மைத்துனர்கள் இரண்டு மிஷினையும் ஒரே மேசையில் பிரித்துப் போட்டு, எது யாருடையது என்று சண்டை பிடித்தார்கள். டிரைவரின் மனைவிதான் நகப்பூச்சு கொண்டுவந்து தீர்ப்பு சொன்னாள். அண்ணனுடையதற்கெல்லாம் சிவப்பு. கணவருடையதற்கெல்லாம், யாரோ பரிசாகக் கொடுத்து அவள் ஒருநாளும் பூசாத பச்சை.

இப்போது அந்தச் சிவப்புப் பொட்டுகளின் நடுவே ஒரே ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. சத்தம் போடுகிற சிப்பில்.

கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். "தூசிதான் மச்சான்" என்ற குரல் காதில் கேட்டது. அதற்கு மேல் தன் குரல் கேட்டது: ஊமை பஸ், ஊமை பஸ். காது மடல் சூடாகிவிட்டது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தெரியக்கூடாது என்று கொடுத்தவரிடம் போய்த் தெரிந்துவிட்டது என்று சொல்வது, அவர் கொடுத்ததில் பாதியைப் பிடுங்கிக்கொள்வது போல. இத்தனை கேலிக்கும் வாயைத் திறக்காத மனிதர். அப்படி ஒருவரைத் தன் தங்கைக்குக் கொடுத்த கடவுளுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னார். பச்சைப் பொட்டு சிப்பை மெல்ல நெம்பி எடுத்தார். கைக்குட்டையில் சுற்றினார்.

மறுநாள் காலை மனைவி கேட்டாள். "என்னங்க, மிஷின் கத்தவே இல்லையே?"

"வயசாயிடுச்சுல்ல, தொண்டை கட்டிப்போச்சு."

அவள் படுக்கையறையிலிருந்து அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாவுப் பலகையின் மேல் வைத்தாள். அது அடித்தபோது அவர் துள்ளிக் குதித்தார். மாவு கூரை வரை பறந்தது.

அன்று மதியம், டிரைவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் அன்று வாங்க மறந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா! மாடியில துணி காயப்போட்டுட்டு வந்துடறேன். அடுப்புல பால் இருக்கு, பொங்காம பாத்துக்கங்க."

"நீ போம்மா. நான் இருக்கேன்ல."

தங்கை படியேறியதும் கூடத்துக்குப் போனார். உறையை விலக்கி, மூடியைத் திறந்தார். பச்சைப் பொட்டுகளின் நடுவே அவருடைய சிவப்புப் பொட்டு, செத்த சிப்பின் முதுகில், அழைக்காமல் வந்த விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கைக்குட்டையை அவிழ்த்தார். கால்கள் வளையாமல் பச்சையை அதன் இடத்தில் அழுத்தினார். கடைசியில் குனிந்து, உள்ளே ஒருமுறை நன்றாக ஊதினார். நாளைக்கு யாராவது கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்து ஒரு வரிக் கட்டளை தட்டினார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஹாரன் அடித்தது. அவர் இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். பிறகு ஆசை தீராமல் இன்னொரு முறை.

சமையலறையில் 'சுஸ்' என்றது.

தங்கை இறங்கி வந்தபோது அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் உறை பழையபடி மூடியிருந்தது.

"உங்கள நம்பி பால வச்சேன் பாருங்க! கடை ரொட்டியெல்லாம் எப்படித்தான் கரியாம வருதோ!"

"அங்க கூப்பிடறதுக்கு ஆள் இருந்துச்சும்மா."

"திருட்டு முழி முழிக்காதீங்க. போகட்டும், பால்தானே."

அவர் தெருமுனைக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கை காட்டினார், நிற்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சிரித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை ஹாரன் அடிக்கும்போது, தூசிதான் போயிருக்கும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த பஸ் வரும்.