வந்துட்டியா மகாராணி

மூன்றாவது முறையாகப் பசு எட்டி உதைத்தது. காலி வாளி உருண்டு போய் வாத்துகளைக் கலைத்தது.

"பத்து வருஷமா என்னை அண்ட விட்டதில்ல இந்த மூதேவி," என்றாள் அண்ணி, அழுது வீங்கிய முகத்தோடு. "அவர் கைதான் அதுக்குக் கை."

அந்தக் கை மண்ணுக்குள் போய் ஒரு பொழுதுகூட ஆகவில்லை. இலை உதிரும் காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளோடு வந்து ஆடு, வாத்து காட்டிவிட்டுப் போகிற தங்கை, இந்த முறை சாவையும் பார்த்துவிட்டாள். நேற்றுக் காலை வைக்கோல் அள்ளப் போன அண்ணன் அங்கேயே சரிந்துவிட்டான்.

பசுவின் மடி கல்லாய்க் கனத்திருந்தது.

"நீதான் பாரேன். இங்க பொறந்தவதானே?"

"எல்லாம் மறந்து போச்சு அண்ணி."

மறக்கவில்லை. அதற்கு வேண்டியது கை அல்ல, திட்டு. மேய்ந்து திரும்பும் பசுவை அண்ணன் திட்டிக்கொண்டேதான் கறப்பான். காரை விட்டு இறங்கும் தங்கைக்கும் அதே திட்டுதான்.

"மாட்டுக்கும் எனக்கும் ஒரே வரவேற்பாண்ணா?" என்று போன வருஷம் கேட்டாள்.

"அது தினமும் வருதே!"

எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணி திட்டினால் பசு உதைக்கும். தங்கைக்கோ அச்சு அசல் அண்ணனின் கரகரத்த தொண்டை. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று.

பசு கத்தியது. கால்களை அகட்டி நடுங்கியது.

"வந்துட்டியா மகாராணி?" என்றாள் தங்கை, அடித்தொண்டையில். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

காதுகள் திரும்பின. தூக்கிய கால் மெல்ல இறங்கியது. அவள் வாளியை வைத்து மடியைப் பிடித்ததும் பால் சர்ரென்று விழுந்தது.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படியே அவரு... இனி எனக்குக் கவலையில்ல."

"அண்ணி, நாளைக்கு எனக்கு வேலைக்குப்..."

பேச்சு மாறியதும் பசு காலைத் தூக்கியது.

"மகாராணி! எங்கடி ஊர் சுத்தப் போன?"

கால் இறங்கியது.

"போலாம், போலாம். யாரு வேணாங்கறா? கொஞ்சம் பழகட்டும்."

"யாரு பழகணும் அண்ணி?"

மறுபடி கால். மறுபடி திட்டு. அண்ணி இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

தங்கையின் கணவன் கதவிடுக்கில் தலையை நீட்டினான். "பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். உங்க அண்ணி தனியா இருக்காங்கல்ல? நீ இருந்துட்டு வா."

அவள் திரும்பிப் பார்த்தாள். பசுவும் திரும்பி அவளைப் பார்த்தது.

"வந்துட்டியா மகாராணி," என்றாள்.

டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடும் சத்தம். கதவிடுக்கில் தெரிந்த முற்றத்தில், இறக்கி வைத்த அவளுடைய பையின் வாரை வாத்து ஒன்று கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.